நான்காவது வேட்டியின் நீலம்

"28.4.2024, ஞாயிறு. சித்திரை 15. வெயில் கடுமை, காற்று இல்லை. குழாய்த் தண்ணீரில் பவுடர் வாடை. மதியத்துக்கு முன் நான்காவது வேட்டியில் வடகம் நீலமானது. காரணம் தெரியவில்லை."

அன்றைக்கு நான் எழுதிவைத்த குறிப்பு இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைச் சாயங்காலமே அடித்துவிட்டேன். பத்திரம் எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதற்கு முன் கல்லூரியில் வேதியியல் படித்தவள். அந்தப் படிப்பு மூன்று வருடம் படித்ததோடு சரி, வேலைக்கு உதவவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உதவியது. அதனால்தான் இதை விரிவாக எழுதிவைக்கிறேன்.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் என் நாத்தனார் குடியிருக்கிறாள். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். அவள் ஓசூர் பக்கம் ஒரு துணிக் கம்பெனிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன் வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. மார்ச் கடைசியில் லீவு போட்டுவிட்டு, "அண்ணி, இனி வேனு ஏற மாட்டேன். வடகம் போட்டு விக்கப் போறேன்" என்றாள். கம்பெனியில் மே இரண்டாம் தேதி வரை பார்ப்பார்கள், அதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

அவள் கைக்கு வடகம் நன்றாக வரும், அதில் சந்தேகமில்லை. தர்மபுரியில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மா சாப்பிட்டுப் பார்த்து, "ருசி சரி. போடற இடத்த நான் கண்ணால பாக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். புடிச்சிருந்தா மாசாமாசம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு ஞாயிறுதான் கணக்கு. அந்த அம்மாவுக்குப் பிடித்தால் வடகம், பிடிக்காவிட்டால் வேன்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சினோம். எங்கள் பக்கம் ஜவ்வரிசிக்கு என்ன பஞ்சம்? பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போனால் மரவள்ளிக் காடுதான். உப்பு, பச்சை மிளகாய், சீரகம், இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. எங்கள் வீட்டு மாடியில் மூன்று பழைய வெள்ளை வேட்டிகளை அலசிப் பிழிந்து விரித்து, கரண்டியால் வட்டவட்டமாக ஊற்றினோம். மூன்று வேட்டியும் நிறைந்த பிறகும் அண்டாவில் கூழ் மிச்சம் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஊற்றவேண்டும். நாத்தனார் கீழே ஓடி, எங்கள் வீட்டுப் பழந்துணி மூட்டையிலிருந்து நான்காவதாக ஒரு வேட்டியை இழுத்து வந்தாள்.

"இது அலசவே வேணாம் அண்ணி. தொவச்ச மாதிரிதான் இருக்குது. எலுமிச்சம்பழ வாசம்கூட அடிக்குது."

அதை அப்படியே விரித்து மிச்சக் கூழையும் ஊற்றினோம். சனி முழுக்கக் காய்ந்தது. இரவு கீழே கொண்டுவந்து, ஞாயிறு காலை மறுபடியும் மாடிக்கு ஏற்றினோம்.

துணியில் போட்ட வடகத்தை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. நேராகப் பிய்த்தால் உடைந்துவிடும். துணியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு உரிக்கவேண்டும். அப்போது முழுசு முழுசாக வரும். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் உரிக்க வந்திருந்தார். அவர் கை உழைக்கும், வாய் அதைவிட உழைக்கும்.

முதல் மூன்று வேட்டிகள் நல்லபடியாக முடிந்தன. வடகம் பால் நிறத்தில், கண்ணாடி மாதிரி வந்தது. நான்காவதைக் கவிழ்த்து, குழாயில் பிடித்த தண்ணீரைத் தெளித்தாள் நாத்தனார். கொஞ்ச நேரத்தில் துணியின் முதுகில் ஒரு திட்டு தெரிந்தது. முதலில் நிழல் என்று நினைத்தோம். நிழல் ஊதாவானது, பிறகு நீலமானது. உள்ளங்கை அகலத்தில் இரண்டு திட்டுகள், அவற்றைச் சுற்றித் தெறித்த மாதிரிப் புள்ளிகள். துணியைப் புரட்டினால் அந்த இடத்து வடகமெல்லாம் இங்க் பாட்டிலில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

பெரியம்மா ஆரம்பித்தார்.

"நான் அப்பவே நெனச்சேன். ஓட்டுப் போட்ட வெரலால கூழு ஊத்துனா இப்பிடித்தான் ஆவும்."

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமைதான் ஓட்டுப் போட்டிருந்தோம். நாத்தனாரின் இடது ஆள்காட்டி விரலில் மை இன்னும் அழியாமல் இருந்தது. அவள் விரலைப் பார்த்தாள், வடகத்தைப் பார்த்தாள், அழுகைக்குத் தயாரானாள்.

"பெரிம்மா, நான் சோத்துக் கையிலதான ஊத்துனேன்? மை இந்தக் கையில இருக்குது."

"பச்ச மொளகா அரைச்சது எந்தக் கையி? எல்லாம் கலந்துதான் இருக்கும். ஒங்க அண்ணிய கேளு, பத்திரம்மாவுக்குத் தெரியாததா."

பத்திரம்மா என்பது நான். "பெரிம்மா, உங்க வெரல்லயும் மை இருக்குது. காலையில நீங்கதான் சட்னி அரைச்சீங்க. சட்னி நீலமாவா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அது தேங்காய்ச் சட்னி" என்றார் பெரியம்மா.

ஓட்டு மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்பின் குளோரைடோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகி, வெளிச்சம் பட்டுக் கறுத்துப் போகும். தோலை விட்டு எழுந்து வந்து வடகத்தில் விழாது. அப்படி விழுந்தாலும் கறுப்பாகுமே தவிர இப்படி நீலமாகாது. அதைவிட எளிய விஷயம் ஒன்று இருந்தது. நான்கு வேட்டிக்கும் ஒரே அண்டா, ஒரே உப்பு, ஒரே கை. மூன்றில் வெள்ளையாக வந்து ஒன்றில் மட்டும் நீலமானால், தப்பு கூழில் இல்லை, துணியில்தான். இதைச் சொன்னதும் நாத்தனாருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அப்ப துணிச்சாயமா அண்ணி?"

"வெள்ள வேட்டியில ஏது சாயம்? கரையும் பச்சைக் கரை."

பெரியம்மா ஒரு யோசனை சொன்னார். "எதுக்கு இவ்ளோ பேச்சு? அந்தம்மா வர்றதுக்குள்ள இத சுருட்டி எங்க வூட்டு அட்டாலி மேல ஏத்திடு. மூணு வேட்டி வடகத்த காமி. யாரு கேக்கப் போறா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "கேட்டா நீங்க சொல்லிடுவீங்களே அண்ணி."

"கேட்டா சொல்லுவேன்."

"தேதியோட சொல்லுவா" என்றார் பெரியம்மா.

என் பயம் வேறு. காரணம் தெரியாமல் மறைத்துவிட்டால், அடுத்த மாதம் கடையில் வைத்து நீலமானால் என்ன செய்வது? ஒருமுறை அப்படி ஆனால் தர்மபுரி முழுக்கப் பேச்சாகிவிடும், பிறகு இவள் வடகத்தை யாரும் தொடமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் காரணம் தெரியவேண்டும்.

ஒரு நீல வடகத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். டம்ளரில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி அதைப் போட்டேன். நீலம் கண்ணெதிரே வெளுத்துக் காணாமல் போனது. டம்ளரை நன்றாக மூடி, குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தேன். ஆறியதும் நீலம் திரும்பி வந்தது, முன்பைவிட இளசாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூட்டில் போய், குளிரில் திரும்பும் நீலம் இந்த உலகத்தில் நிறைய இல்லை. மாவுச்சத்தோடு அயோடின் சேர்ந்தால் வரும் நிறம் அது. மாவுச்சத்தின் நீண்ட சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்துகொள்ளும். சூடானால் சுருள் குலைந்து அயோடின் வெளியே வரும். ஆறினால் மறுபடி உள்ளே போகும்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். "அயோடின்."

"உப்புல இருக்குதுன்னு டிவியில சொல்லுவாங்களே, அதுங்களா?" என்றாள் நாத்தனார்.

"அதே. ஆனா உப்புல இருக்கறது இவ்ளோ நீலம் காட்டற அளவுக்குக் காணாது. உப்பு நாலு வேட்டியிலயும்தான இருக்குது. இது துணியில தனியா வந்தது."

பெரியம்மா ஒரு நீல வடகத்தை மூக்கருகே கொண்டுபோனார். "மருந்து வாசமெல்லாம் ஒண்ணும் இல்லியே. தண்ணி வாசந்தான் அடிக்குது. நேத்து டேங்க் கழுவுனாங்கல்ல."

அவர் சும்மாதான் சொன்னார். நான் மாடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் இருக்கும் மேல்நிலைத் தொட்டியின் தூணில் "சுத்தம் செய்த நாள் 27.4.24" என்று புதுச் சுண்ணாம்பில் எழுதியிருந்தது. தொட்டி கழுவிய மறுநாள் குழாயைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் என்றால் குளோரின்.

இந்த இடத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். ஹாலஜன்கள் என்பார்கள், தமிழில் உப்பீனிகள். உலோகத்தோடு சேர்ந்தால் உப்பை ஈன்றுவிடும், அதனால் அந்தப் பெயர். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மூத்தவனை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் வாயைத் திறந்தால் பல்லில் அவன் கையெழுத்து பழுப்புக் கறையாக இருக்கும். என் முன்பல் இரண்டிலும் இருக்கிறது. குளோரின் தொட்டியில் இருக்கிறான். புரோமினைக் கல்லூரி ஆய்வகத்தில் ஒரே ஒருமுறை சீல் வைத்த குழாயில் பார்த்தேன், செம்பழுப்பாக. கடைசியில் அயோடின். கருஞ்சாம்பல் பளபளப்பு, லேசாகச் சூடு காட்டினாலே திரவமாக நிற்காமல் ஊதா ஆவியாகக் கிளம்பிவிடும்.

இந்தக் குடும்பத்தில் மூத்தவனுக்குத்தான் பலம். எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்வதில் ஃபுளூரினை மிஞ்ச ஆளில்லை, கீழே போகப் போகப் பிடி தளரும். அயோடின் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அயோடைடாக ஓர் இடத்தில் நிறமில்லாமல் படுத்திருக்கிறது என்று வையுங்கள். அங்கே குளோரின் வந்தால் அந்த எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். அயோடைடு மறுபடி அயோடினாகி வெளியே நிற்கும். பக்கத்தில் மாவுச்சத்து இருந்தால் நீலம். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் செய்வதே இந்தச் சோதனைதான். அதை நாங்கள் மாடியில் வேட்டி அளவுக்குச் செய்துவிட்டோம்.

சொன்னால் மட்டும் போதாது, செய்து பார்க்கவேண்டும். நல்ல வடகம் ஒன்றை வெந்நீரில் கரைத்து ஆறவைத்த கூழை, நான்காவது வேட்டியின் திட்டு ஓரத்தில் வடகமும் தண்ணீரும் படாத இரண்டு இடங்களில் தடவினேன். ஒன்றில் கேன் தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். பெரியம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வருது வருது! ஆத்தாடி, வருது!"

முதல் வேட்டியிலும் கூழ் தடவிக் குழாய்த் தண்ணீர் தெளித்தேன். வெள்ளையாகவே இருந்தது. ஆக, குளோரின் தண்ணீரில் இருந்தது. நிறமில்லாத அயோடைடு நான்காவது வேட்டியில் இருந்தது. மிச்சம் ஒரே கேள்வி. அது அங்கே எப்படி வந்தது?

வேட்டியை விரித்துப் பிடித்தேன். இரண்டு திட்டுகளும் வேட்டியைக் கட்டினால் முழங்கால் வரும் உயரத்தில் இருந்தன. கரை பச்சை. ஓட்டுப் போடப் போன அன்று என் வீட்டுக்காரர் கட்டிக்கொண்டு போன வேட்டி.

படி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். அவர் ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் பேன்ட் போட்டுக்கொண்டு. ஒன்பது நாளாக அவர் வேட்டியோ லுங்கியோ கட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூட்டு வலி, மூடி வைத்தால் சூடு நல்லது என்று சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் மேல வாங்க" என்று கூப்பிட்டேன். காலைச் சாய்த்துச் சாய்த்துப் படியேறி வந்தார். நீல வேட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எங்க போய் மாட்டுச்சு?" என்றார். வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே ஒப்புதல் வாக்குமூலம்.

"நீங்க எங்க போய் விழுந்தீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

"யாரு விழுந்தா?"

"அண்ணா, பேன்ட்ட மேல தூக்கு" என்றாள் நாத்தனார்.

"ஏய், வயசுப்புள்ளைங்க எல்லாம் இருக்குது."

"எந்த வயசுப்புள்ள? நானா?" என்றார் பெரியம்மா.

கடைசியில் தூக்கினார். இரண்டு முழங்காலிலும் காய்ந்துகொண்டிருக்கும் சிராய்ப்பு, சுற்றிலும் பழுப்பாகப் பெட்டடைன் படிந்த தோல். பெட்டடைன் என்றால் அயோடின் மருந்துதான்.

விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. ஓட்டுப் போட்டுத் திரும்பும்போது மண்ணில் வண்டி சறுக்கிவிட்டது. மருந்துக் கடையில் பெட்டடைன் வாங்கி அங்கேயே ஊற்றிக்கொண்டார். கஞ்சி போட்ட வேட்டியில் மருந்து பட்டதும் கறுநீலமாக மாறிவிட்டது. பயந்துபோய்ப் போனில் தேடியிருக்கிறார். எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகும் என்று போட்டிருந்ததாம்.

"ஃபிரிட்ஜ்ல இருந்த அஞ்சு எலுமிச்சம்பழம்!" என்றேன். எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"தேய்ச்சதும் பளிச்சுனு வெள்ளையாயிடுச்சு. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

முடியவில்லை. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி அயோடினுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அயோடைடாக மாற்றிவிடும். நிறம் போகும், பொருள் துணியிலேயே தங்கிவிடும். அன்று குழாய்த் தண்ணீர் வராத நாள். ஒரு சொம்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, கொல்லையில் உலர்த்தி, நான் பார்ப்பதற்குள் பழந்துணி மூட்டையில் செருகிவிட்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் தன் வேட்டியை அவர் தானே துவைத்தது அன்று ஒருநாள்தான். அதையும் அரைகுறையாகச் செய்தார்.

"விழுந்தா சொல்றதுக்கு என்னங்க?" என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் மெதுவாக எழுந்து நின்றாள்.

"அண்ணா. எந்த வண்டியில போன?"

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் ஸ்கூட்டியிலயா?"

"என் வண்டியில பெட்ரோல் இல்ல கண்ணு."

அவளுடைய புது ஸ்கூட்டியின் இடது பக்கம் ஒரு நீளக் கீறல் இருந்தது. கடத்தூர்ச் சந்தையில் தக்காளி வண்டிக்காரர் இடித்துவிட்டார் என்று ஒரு வாரமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். போன சந்தைக்கு நேரிலும் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த ஆள் சத்தியம் செய்ததை நம்பவில்லை.

"அந்த மனுசன் கொழந்த மேல சத்தியம் பண்ணாருண்ணா! நான் அவருகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிட்டு இனி தக்காளி வாங்கறது?"

"நான் வேணா வாங்கியாந்து தர்றேன்."

இந்தச் சண்டையின் உச்சத்தில், படியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பலகாரக் கடை அம்மா சாயங்காலம் வருவதாகச் சொன்னவர், மதியமே வந்துவிட்டார். கையில் குடை, தோளில் பெரிய பை. நேராக நீல வேட்டிக்கு முன்னால் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் பேன்ட்டை அவசரமாக இறக்கினார்.

"இது என்னங்க?" என்றார் அந்த அம்மா.

பெரியம்மா வாயைத் திறந்தார், நான் முந்திக்கொண்டேன். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். டம்ளர், கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர், முழங்கால் எல்லாம். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "செப்டிக் ஆவலையே?" என்று கேட்டார். இல்லை என்றார்.

"தின்னா என்ன ஆவும்?"

"அதுல இருக்கறது துளியூண்டு அயோடின்தாங்க. ஆனா காயத்து மருந்து பட்ட துணி. இந்த வேட்டியில போட்டது ஒண்ணுகூட விக்கறதுக்கில்ல, வெள்ளையா இருக்கறதும் சேத்துதான். குப்பையில போடறோம்."

"மாட்டுக்குப் போடலாமே" என்றார் பெரியம்மா.

"மாட்டுக்கும் வேண்டாம்."

அந்த அம்மா முதல் மூன்று வேட்டிகளின் வடகத்தைக் கையில் அள்ளிப் பார்த்தார். ஒடித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு கீழே போய், எங்கள் அடுப்பிலேயே எண்ணெய் காயவைத்துப் பொரிக்கச் சொன்னார். பொரிந்ததை நின்றுகொண்டே சாப்பிட்டார். நாத்தனார் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தீபாவளிக்கு ஒருத்தர் கொண்டாந்த அப்பளத்துல கரப்பான் காலு இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "கேட்டதுக்கு, சீரகம்னு சொன்னாங்க. நீங்க பரவால்ல. வூட்டு ஆம்பளையோட முட்டிய காட்டிக்கூட கணக்கு சொல்றீங்க."

"எடுத்துக்கறீங்களா அக்கா?" நாத்தனாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மூணு வேட்டியையும் இன்னைக்கே எடுத்துக்கறேன். அடுத்த மாசத்திலிருந்து வேட்டி ஆவாது. புதுக் காடாத்துணி வாங்கி, கஞ்சி போக ரெண்டு தடவ அலசிட்டுப் போடு. தெளிக்கறதுக்குத் தண்ணி கொதிக்கவெச்சு ஆறவெச்ச தண்ணி. அப்பறம், துணிய அண்ணன்கிட்ட குடுக்காத."

"அந்தப் பக்கமே வர மாட்டேங்க" என்றார் அவர்.

மே இரண்டாம் தேதி வியாழக்கிழமை விடிவதற்கு முன் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. நான் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்வீட்டில் விளக்கு எரிந்தது, ஆனால் அது ஜவ்வரிசி ஊறவைப்பதற்கு. வேன் இரண்டாவது தடவை அடித்துவிட்டுப் போய்விட்டது. காலையில் கேட்டதற்கு, "அந்த ஆரனு சத்தம் கேக்கறப்ப எப்பிடி இருந்துச்சு தெரியுமா அண்ணி? யார் வூட்டுக்கோ அடிக்கற மாதிரி இருந்துச்சு" என்றாள். அந்தச் சனிக்கிழமை சந்தையில் தக்காளிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, தேவைக்கு மேலேயே தக்காளி வாங்கி வந்தாள். ஒரு வாரம் எங்கள் இரண்டு வீட்டிலும் தக்காளிக் குழம்புதான்.

அன்றிலிருந்து மாதாமாதம் வடகம் போகிறது. மழை மாதங்களில் மட்டும் இடைவெளி. இப்போது பெரியம்மாவும் கூலிக்கு வருகிறார். அண்டாவில் கை வைப்பதற்கு முன் எல்லார் விரலையும் நீட்டச் சொல்லிச் சோதிக்கிறார். மை இருந்தால் உறை போடவேண்டும் என்று அவர் சட்டம். வேதியியல் எவ்வளவு சொல்லியும் அவர் மாறவில்லை.

ஒரு விஷயம் மட்டும் முடிவு தெரியாமல் நிற்கிறது. அன்று கிளம்பும்போது கடை அம்மா, நீல வடகத்தில் மூன்றைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, பாக்க" என்றார். அதை ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டு, வடகமும் அப்பளமும் கொண்டுவருகிற எல்லாரிடமும் காட்டி, "எந்தத் துணியில போட்டீங்க?" என்று விசாரிப்பதாகவும், அது இன்னும் அதே நீலமாக இருப்பதாகவும் நாத்தனார் சொல்கிறாள். காட்டுவதை நம்புகிறேன். நீலத்தைத்தான் நம்ப முடியவில்லை. அயோடின் ஆவியாகிப் போகிற சாதி. அப்படிப் போட்டுவைத்தால் நாளாக ஆக வெளுத்துப் போயிருக்கவேண்டும். டப்பாவை இறுக மூடி இருட்டில் வைத்திருந்தால் ஒருவேளை நிற்கலாம். நான் இன்னும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே, நீலம் இன்றுவரை இருக்கிறது என்பது உறுதி செய்யப்படாத தகவல்.